பதிவேட்டில் ஒரு சாவுச் செய்தி

மொன்றியலில் நான் பார்த்த வேலைகளில் உட்கார்ந்தபடி செய்த வேலை ஒன்றுதான். எப்போதோ செத்துப்போனவர்களின் பெயர்களை ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்கு வாசித்துச் சொல்வது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் ஒரு நாலு மாடிக் கட்டடத்தில் குப்பை எடுத்து, படி கூட்டி, பனி தள்ளிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் லாசாலில் பிளாஸ்டிக் வாளி செய்யும் ஆலையில் நின்றேன். அதற்கு முன் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். அதற்கு முன் ஜெர்மனி, அதற்கும் முன் சொல்லிப் பிரயோசனமில்லாத சில இடங்கள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதைத் தேடிப் போகவில்லை. ஓரிடத்தில் இரண்டு குளிர்காலம் நின்றால் எனக்குக் கால் உளையத் தொடங்கிவிடும்.

அந்த அம்மா முதலாம் மாடியில் தனியே இருந்தார். எண்பதைத் தாண்டியவர். கண்ணின் நடுப்பகுதி பழுதாகி, ஓரத்தால் மட்டும் கொஞ்சம் தெரியும். ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்ப்பார். முதல் மாதம் முழுவதும் அவருக்கு என்மேல் கோபம் என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் வாசல்படிக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கடிதத்தை நீட்டினார். ஆங்கிலத்தில் நீயும் நீரும் நீங்களும் ஒன்றுதான். அவர் என்னை ‘நீர்’ என்று அழைப்பதாக நான் எடுத்துக்கொண்டேன். அவருடைய குரலுக்கு அதுதான் பொருந்தியது. ஆகவே அவர் பேசியதெல்லாம் என் காதில் விழுந்த தமிழிலேயே இங்கே வரும்.

“உமக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமோ?”

“எழுத்துத் தெரியும் மேடம். கருத்து முழுக்க விளங்காது.”

“நல்லதாப் போச்சு. கருத்து எனக்கு விளங்கும். எழுத்துத்தான் தெரியேல்லை.”

கடிதம் ஒரு சுடலைக் கமிட்டியிடமிருந்து வந்திருந்தது. மொன்றியலுக்குக் கிழக்கே, அமெரிக்க எல்லைக்குக் கிட்ட, ஒரு சிறிய கிராமம். காட்டை வெட்டி அங்கே முதல் குடியேறிய சில குடும்பங்களுக்கென்று ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது. அந்தக் குடும்பங்களின் வாரிசுகளுக்கு மட்டுமே அதில் இடம். வாரிசு என்று காட்டப் பத்திரம் வேண்டும். பனி கரைந்ததும் கமிட்டி கூடும், அதற்குள் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

“உங்கட புருஷன் எங்கை மேடம்?” என்று கேட்டேன். இப்படிக் கேட்கக்கூடாது என்பது அப்போது தெரியாது.

“மலையிலை இருக்கிற பெரிய கல்லறையிலை. தன்ரை முதல் மனிசிக்குப் பக்கத்திலை. இரண்டு பேருக்குத்தான் இடம் வாங்கினவர். வீட்டிலையே இருபது வருஷம் அவளின்ரை படத்துக்குக் கீழை இருந்து சாப்பிட்டன். இனி அங்கையும் போய் வாசலிலை நிக்கேலாது.”

அதுதான் விஷயம். அவருக்குப் போய்ப் படுக்க ஓரிடம் வேண்டியிருந்தது. தன் பூட்டியின் கல்யாணப் பதிவு வரைக்கும் எல்லாப் பத்திரமும் கையில் இருந்தன. அந்தக் கல்யாணம் மொன்றியலில் நடந்தது. எழுதிய பாதிரியார் பெண்ணின் பெயரையும் வயதையும் ஊரையும் போட்டு, தாய் தகப்பன் பெயரைப் போடாமல் விட்டுவிட்டார். அந்தப் பூட்டி முதற் குடியேறிகளின் மகள்தான் என்று காட்ட அவளுடைய ஞானஸ்நானப் பதிவு வேண்டும். அந்த ஒரு கண்ணிதான் சங்கிலியில் இல்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும், பனி தள்ளி முடித்த நாட்களில், அவருடைய பழைய காரில் அவரை ஏற்றிக்கொண்டு நகர மையத்திலிருந்த ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். ஜாக்கெட்டையும் பேனையையும் வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே பென்சில் மட்டும்தான். இரண்டு கதிரை போட்டு, பழைய பதிவேடுகளைப் படம்பிடித்த சுருளை மெஷினில் மாட்டி, நான் கைப்பிடியைச் சுற்றி வாசிப்பேன். அவர் என் காதோரம் முகத்தை வைத்து ஜன்னலைப் பார்த்துக் கேட்பார்.

அந்தக் கிராமம் ஒரு கவுன்டிக்குள் இருந்தது; கவுன்டி என்பது எங்கள் ஊரில் உதவி அரசாங்க அதிபர் பிரிவு மாதிரி ஒரு துண்டு நிலம். கிறிஸ்தவக் கோயில் பதிவேடு ஒவ்வோர் ஆண்டும் இரண்டு படி எழுதப்பட்டு, ஒரு படி அந்தக் கவுன்டிக்குரிய நீதிமன்றத்துக்குப் போகும். பிறந்தது, கட்டினது, செத்தது எல்லாம் ஒரே புத்தகத்தில், நடந்த ஒழுங்கில். ஒரு பக்கத்தில் மேலே கல்யாணம், நடுவில் சாவு, கீழே ஞானஸ்நானம். ஒரு தெருவில் நடந்து போவதுபோல இருக்கும். சில வாரங்களில் எனக்கு அந்தப் பாதிரிமாரின் கையெழுத்து பழகிவிட்டது. ஒருவர் வேட்டைக்குப் போகிற அவசரத்தில் எழுதுகிறவர். இன்னொருவர் ஒவ்வொரு எழுத்துக்கும் வால் வைப்பார்.

கோயில் புத்தகத்தில் இல்லாததைத் தேடி, கவுன்டிப் பட்டணத்துக் காணிப் பதிவு அலுவலகத்துக்கும் சிலமுறை போனோம். அங்கே கவுன்டரில் பிரெஞ்சுதான். அம்மா கியூபெக்கிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய பிரெஞ்சு, ஆங்கிலத்தை உரத்துச் சொல்வதுதான். குப்பை லொறிக்காரரிடம் கற்ற என் பிரெஞ்சு அதைவிடப் பரவாயில்லை. “போன்ஜூர்” என்று தொடங்கி நான் கேட்க, அவர் பின்னால் நின்று என் உச்சரிப்பைத் திருத்துவார். இரண்டு பேரையும் பார்த்து அந்தக் கிளார்க் பெண் சிரித்துக்கொண்டே காணி மனுக்களின் பெட்டியைக் காட்டினாள்.

அந்த மனுக்கள் எனக்குப் பிடித்துப்போயின. எல்லை தாண்டி மாட்டு வண்டியில் வந்தவர்கள், இன்ன வழியால் வந்தோம், இன்ன அரசனுக்கு விசுவாசமாக இருப்போம், இத்தனை ஏக்கர் வெட்டினோம், ஒரு வீடு போட்டோம், இதற்கு இரண்டு பேர் சாட்சி என்று சத்தியம் செய்திருந்தார்கள். சிலருக்கு, நீ சொன்ன காலத்தில் நீ வரவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அகதி விசாரணையில் நானும் இதே கேள்விகளுக்குத்தான் பதில் சொன்னேன்.

“இவைக்கும் ஹியரிங் நடந்திருக்கு மேடம்.”

“நாங்கள் அதைப் பெருமையா மறந்திட்டம்,” என்றார்.

அவர்களுக்கு முன் அந்தக் காட்டில் இருந்தவர்கள் எந்தப் பெட்டியில் என்று ஒருமுறை கேட்டேன். “அவையின்ரை காட்டை நாங்கள் எடுத்தம். எழுதி வைச்சதும் நாங்கள்தான். அப்ப பெட்டியிலை ஆர் இருப்பினம்?” என்றார்.

பனி கறுத்து இளகத் தொடங்கிய கிழமையில் பூட்டி அகப்பட்டாள். வால் வைக்கிற பாதிரியாரின் எழுத்து. இன்னாரின் மகள், தகப்பன் கமக்காரன், இந்த ஊர், அவன் மனைவி இன்னாள். தாயும் தகப்பனும் முதற் குடியேறிகளேதான். நான் வாசித்து முடிக்கமுன் அம்மா கைதட்டிவிட்டார். மேசையில் இருந்த பெண் கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள்.

“திருப்பி வாசியும்.”

வாசித்தேன்.

“இன்னொருக்கா.”

பிரதி எடுக்கும் மெஷின் மண்டபத்தின் மறு கோடியில் இருந்தது. சுருளை நாங்களே கொண்டுபோய் மாட்ட வேண்டும். அவரை இருத்திவிட்டுப் போனேன். கைப்பிடி புதிது, சட்டென்று ஓடிச் சில பக்கம் தாண்டிவிட்டது. அந்தக் குடும்பப் பெயருக்குப் பழகிப்போன கண் அங்கேயும் போய் நின்றது. அதே பெயர். அதே தாய், அதே தகப்பன். வயது ஐந்து வாரம். அடக்கம் செய்யப்பட்டது.

பூட்டி ஐந்து வாரத்தில் செத்திருந்தால் இந்த அம்மா எங்கிருந்து வந்தார்? மொன்றியலில் கல்யாணம் செய்தவள் வேறு யாரோ. சங்கிலி அறுந்துவிட்டது. பிரதியை அனுப்பினால் கமிட்டிக்காரர் அடுத்த பக்கத்தைப் பார்க்காமலா விடுவார்கள்?

திரும்பி வந்து, “மெஷின் பழுது மேடம்,” என்றேன்.

“நல்லது, வாற கிழமை எடுப்பம்,” என்று சொல்லி, அன்று எனக்குச் சூப்பும் பாணும் வாங்கித் தந்தார். அவருக்கு அப்படிப் பசித்து நான் கண்டதில்லை.

அப்போது நான் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு நிலக்கீழ் வீட்டில் இருந்தேன். கூட இருவர். ஒருவர் யாழ்ப்பாணத்து அண்ணை, உணவகத்தில் சமைப்பவர். மற்றவன் மட்டக்களப்பான், வாளி ஆலையில் என்னோடு நின்ற கூட்டாளி. அன்று பின்னேரம் விஷயத்தைச் சொன்னேன். அண்ணை வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார்.

“எப்ப நடந்தது?”

“நூற்றைம்பது வருஷத்துக்கு மேலை இருக்கும் அண்ணை.”

“ஓ.” கத்தியைக் கீழே வைத்தார். “மனிசி தாங்குமோ?”

“டேய் மச்சான்,” என்றான் மட்டக்களப்பான், “அந்தக் காலத்தில செத்த பிள்ளைக்கு இப்ப ஆரு அழுற? போய்ச் சொல்லிப்போட்டு வா.”

“பிள்ளைக்கு அழமாட்டா. தன்னைப் புதைக்கிற கிடங்குக்கு அழுவா. அவவுக்கு வேறை இடமில்லை.”

அண்ணை கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: “ஒரேயடியாச் சொல்லப்படாது. எண்பது தாண்டின சீவன். முதல் சுகமில்லை எண்டு சொல்லு. பேந்து, கொஞ்சம் கடுமை எண்டு சொல்லு. அதுக்குப் பேந்து அவவே விளங்கிக்கொள்ளுவா.”

“மறுகா அந்தம்மா டொக்டரைக் கூப்பிடு எண்டா என்ன செய்வான்?” என்றான் மற்றவன்.

“பகிடி விடாதை. எங்கடை அப்பர் கண்ணை மூடேக்கை எனக்கு டெலிபோனிலை காய்ச்சல் எண்டுதான் சொன்னவை. காய்ச்சல் எண்ட உடனை நான் சுவரைப் பிடிச்சிட்டன். ஆனா விழேல்லை. அதுக்குத்தான் அப்பிடிச் சொல்லுறது.”

எனக்கும் அது தெரியும். நான் ஜெர்மனியில் இருந்தபோது, என் அண்ணன் ஆஸ்பத்திரியில் என்று சொன்னார்கள். எங்கள் ஊரில் அப்போது ஆஸ்பத்திரியே இயங்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு, அன்றைய வேலையை முடித்துவிட்டுத்தான் அழுதேன்.

அண்ணை சொன்ன வழியே சரியென்று முடிவாயிற்று. எங்கள் மூவரில் ஒருவருக்கும் வேறு யோசனை வரவில்லை. ஆனாலும் அடுத்தடுத்த கிழமைகளில் சொல்ல வாய் வரவில்லை. காப்பகம் பூட்டு, காருக்குப் பற்றரி இறங்கிவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பனி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு காலை, கமிட்டியின் முகவரி எழுதிக் கொடும் என்று ஓர் உறையை மேசையில் வைத்து, எனக்குத் தேநீரும் ஊற்றினார். இனித் தள்ள முடியாது.

“மேடம், அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் சுகமில்லாமல் இருந்திருக்கு.”

“எந்தப் பிள்ளைக்கு?”

“உங்கட பூட்டிக்கு.”

“எப்ப?”

“பிறந்த கையோடை.”

“அதையும் ஞானஸ்நானப் பதிவிலை எழுதி வைச்சிருக்கினமோ?”

“அதிலை இல்லை. வேறை இடத்திலை. கொஞ்சம் கடுமைதான் எண்டு தெரியுது.”

அவர் கோப்பையை வைத்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். அதாவது, என்னை நேராகப் பார்த்தார்.

“செத்துப்போச்சோ?”

“ஓம் மேடம்.”

“எப்பவிருந்து உமக்குத் தெரியும்?”

“பிரதி எடுக்கப் போன நாள் துடக்கம்.”

“அப்ப மெஷின் பழுதில்லை.”

“பழுதில்லை.”

“பற்றரி?”

“அதுவும் நல்லாத்தான் இருக்கு. எங்கடை ஆக்கள் சாவை ஒரேயடியாச் சொல்லமாட்டினம்.”

முதலில் இருமல் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, தோள் குலுங்கச் சிரித்தார். “நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகும் ஆறுதலாச் சொல்லுறியள்!” என்றார். பிறகு எழும்பி, “போய்ச் சப்பாத்தைப் போடும். இண்டைக்குக் காப்பகம் திறந்துதான் இருக்கும்,” என்றார்.

காரில் எதுவும் விளக்கவில்லை. சுருளை மாட்டியதும், “அந்தச் சாவிலையிருந்து முன்னுக்குச் சுத்தும். ஒரு வருஷம், ரண்டு வருஷம். அவசரப்படாமல் சுத்தும்,” என்றார். சுற்றினேன். கல்யாணங்கள், சாவுகள், வேறு வீட்டுப் பிள்ளைகள். அடுத்த ஆண்டின் கடைசிப் பக்கங்களில் அதே பெயர் மறுபடியும் வந்தது. அதே தாய், அதே தகப்பன், புதுப் பிள்ளை, ஞானஸ்நானம்.

நான் கைப்பிடியை விட்டுவிட்டேன்.

“அந்த நேரம் எல்லாரும் அப்பிடித்தான்,” என்றார். “பெயர் நல்ல பெயர். பிள்ளைதான் நிக்கேல்லை. ஏன் வீணாக்குவான் எண்டு அடுத்ததுக்கு வைச்சிடுவினம்.”

எங்கள் ஊரில் இப்படி ஒருவரும் செய்யமாட்டார்கள் என்று சொன்னேன். செத்த பிள்ளையின் பெயரைப் பிறகு அந்த வீட்டில் கூப்பிடவே மாட்டார்கள். அடுத்து வருகிற பிள்ளைக்கு, யாருக்கும் வேண்டாத ஒரு பெயரைத் தேடி வைப்பார்கள், எமனும் கேட்டுவிட்டு வேண்டாமென்று போகட்டும் என்று. அண்ணனுக்குப் பிறகு, எனக்கு முன் பிறந்த இருவர் நிற்கவில்லை. என் பெயரும் அப்படி வைத்ததுதான்.

“என்ன கருத்து?”

சொன்னேன்.

“வேலை செய்திருக்கு,” என்றார். “உம்மை ஒருத்தரும் கொண்டுபோகேல்லை.”

இரண்டாவது பதிவைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தேன். கல்யாணத்தில் எழுதியிருந்த வயதும் இவளுக்குத்தான் பொருந்தியது. அவருக்கு இடம் கிடைத்த மாதிரிதான். ஆனால் அவர் ஜாக்கெட்டை எடுக்க எழும்பவில்லை.

“மற்றதை வாசியும்.”

“எதை மேடம்?”

“செத்ததை. அப்பிடியொரு பிள்ளை இருந்ததே எனக்குத் தெரியாது. எங்கடை வீட்டிலை ஒருத்தரும் சொல்லேல்லை.”

சுருளைப் பின்னால் சுற்றி அதை வாசித்தேன். வயது, நாள், அடக்கம் செய்த பாதிரியார், சாட்சிகள். தகப்பனுக்குக் கையெழுத்துத் தெரியாது. பெயர் எழுதவேண்டிய இடத்தில் ஒரு சிலுவைக் குறி போட்டிருந்தான். அது சரிந்து போயிருந்தது. அதையும் சொன்னேன். இந்தமுறை திருப்பி வாசிக்கச் சொல்லவில்லை. அதற்கும் ஒரு பிரதி எடுத்து, இரண்டையும் சேர்த்து அனுப்பச் சொன்னார். கமிட்டிக்குப் பிறந்தது போதும், செத்தது தேவையில்லை என்றேன். “தேவையில்லைத்தான், வையும்,” என்றார்.

கமிட்டி ஒப்புக்கொண்டது. இடத்தைத் தெரிவு செய்ய நேரில் வரலாம் என்று எழுதினார்கள். ஆப்பிள் மரங்கள் பூத்துக் கொட்டிய ஒரு சனிக்கிழமை, சாண்ட்விச்சும் ஒரு மடக்குக் கதிரையும் ஏற்றிக்கொண்டு போனோம். கமிட்டிக்காரர் மாட்டுப் பண்ணைக்காரர், முழங்கால் வரை ரப்பர்ச் சப்பாத்து, கையில் ஒரு நீள இரும்புக் கம்பி. கல் வைக்காத குழிகளைக் கம்பியால் குத்தித்தான் கண்டுபிடிப்பாராம். மண் இறுக்கமென்றால் ஆளில்லை, இளகினால் ஆள்.

வாசலுக்குக் கிட்ட, மேப்பிள் மரத்தடியில், ஓர் அருமையான இடம் காட்டினார்.

“சின்னப் பிள்ளையளை எங்கை வைச்சிருக்கு?” என்றார் அம்மா.

“வடக்கு மூலையிலை. ஒண்டுக்கும் கல்லில்லை. எது ஆர் எண்டு தெரியாது.”

“அங்கை காட்டும்.”

வடக்கு மூலையில் நிழல் இல்லை, பார்க்கவும் ஒன்றுமில்லை. வேலிக்கு அப்பால் மாடுகள் நின்றன. பண்ணைக்காரர் குத்திக்கொண்டே போனார். இளகல், இளகல், சின்னச் சின்ன இடைவெளியில். பிறகு ஓரிடத்தில் கம்பி இறங்க மறுத்தது. கம்பியை என்னிடம் தந்து நீயும் பார் என்றார். நானும் சுற்றிவரக் குத்திப் பார்த்தேன். ஓர் ஆள் நீளத்துக்கு முழு இறுக்கம்.

“இங்கை ஒருத்தருமில்லை மேடம்.”

“அப்ப நான் வாறன்.”

பண்ணைக்காரர் நாலு மூலைக்கும் கட்டை அடித்தார். நாலு கட்டைக்கும் நடுவில் கதிரையைப் போடச் சொல்லி, அதில் உட்கார்ந்து, அம்மா சாண்ட்விச்சைப் பிரித்தார். எனக்கும் பாதி தந்தார். நான் கட்டைக்கு வெளியே புல்லில் இருந்தேன். நல்ல வெயில். மாடுகளின் மணம் வந்தது.

“உமக்கு எங்கை இடம்?” என்று கேட்டார்.

“எங்களை எரிக்கிறது மேடம்.”

“அதுக்குப் பிறகு?”

“சாம்பலைத் தண்ணியிலை விடுறது.”

“எந்தத் தண்ணியிலை?”

நான் யோசித்திருக்கவில்லை. ஊர்க் கடல் என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் அங்கே கொண்டுபோக ஆளில்லை. லாசாலில் வாளி ஆலைக்குப் பின்னால் ஆறு வேகமாக ஓடும். சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் நின்றிருக்கிறேன். அதைச் சொன்னேன்.

“அது நல்ல தண்ணி,” என்றார். “ஆருக்காவது சொல்லி வையும். உம்மடை ஆக்களை நம்பேலாது. நீர் செத்தாலும் சுகமில்லை எண்டுதான் சொல்லுவினம்.”

பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். இந்த மூலையில் கோடையில் இரண்டுமுறைதான் புல் வெட்டுவோம், முன்பக்கம்போல அடிக்கடி வரமாட்டோம், பிறகு குறை சொல்லக்கூடாது என்றார். மூன்றுமுறை வெட்ட வேண்டும் என்றார் அம்மா. புல் வெட்டும் மெஷின் வேலியோரம் திரும்பாது என்றார் பண்ணைக்காரர். அப்படியென்றால் கையால் வெட்டு என்றார் இவர். நான் கதிரையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காரில் ஏற்றி வைத்துவிட்டு வந்து பார்த்தபோதும், கம்பியை ஊன்றிக்கொண்டு அவரும், கட்டைகளுக்கு நடுவில் இருந்தபடி இவரும், புல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.